இது அந்தப் போர்ஷ் இல்லை

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, கடையைத் திறந்து கதிரைகளை இறக்கிக்கொண்டிருக்கிற நேரத்தில், கையில் பிளாஸ்க்கோடு வந்து நிற்கிற ஆளை எந்தக் கடைக்காரனுக்குத்தான் பிடிக்கும்? அமிர்தநாதருக்கு அதெல்லாம் பழகிவிட்டது. "எத்தனை பேர்?" என்று கேட்பார்கள். ஒரு விரலைக் காட்டுவார். மூலையில் கிடக்கிற சின்ன மேசையைக் காட்டுவார்கள். அங்கே இருந்து ஒரு கோப்பை தனக்கென்று வாங்கிக் குடித்துப் பார்ப்பார். சரி வரும் போலிருந்தால் இன்னொன்று வாங்கிப் பிளாஸ்க்கில் ஊற்றி, மூடியை இறுக்கி, துவாயால் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வெளிக்கிடுவார்.

வாங்குவது எப்போதும் ஒன்றே ஒன்றுதான். போர்ஷ். பீற்றூட்டும் முட்டைக்கோவாவும் உருளைக்கிழங்கும் போட்டு உக்ரேன் சனம் காய்ச்சுகிற சிவப்புச் சூப். ரொறொன்ரோவில் எங்கள் ஆட்கள் கொத்துரொட்டிக்கு அலைவார்கள், ஆட்டிறைச்சிக்கு அலைவார்கள். அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிசன் இருபத்தொரு சனிக்கிழமையாகப் பீற்றூட் தண்ணிக்கு அலைகிறார் என்றால் விசர் என்றுதானே நினைப்பார்கள்? மகள் ஷரோனே அப்படித்தான் நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

விசரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எல்லாம் மகேஸ்வரனுக்காக.

இருவரும் ஒரே ஊர் இல்லை, ஒரே சமயமும் இல்லை. அமிர்தநாதர் ஊர்காவற்றுறைக் கத்தோலிக்க வேதக்காரர். மகேஸ்வரன் கோண்டாவில் சைவக்காரன். தொண்ணூற்றேழாம் ஆண்டு, கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் கீவ் நகரத்தில் ஓர் ஐந்தாம் மாடி வீட்டுக்குள் எட்டுப் பேரை அடைத்துவிட்டுப் போனான். அதற்குள்தான் இரண்டு பேரும் ஒரு மெத்தையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஏழு மாதம். வெளியில் தலை காட்டக்கூடாது. வீட்டுக்காரி ஒக்சானா இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து, பெரிய பானை நிறையப் போர்ஷ் காய்ச்சி வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போவாள். காலையும் அதுதான், மத்தியானமும் அதுதான், இரவும் அதுதான்.

அங்கே அமிர்தநாதருக்குக் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள் கண் திறக்கவில்லை. டொக்டரிடம் கொண்டுபோக வழியில்லை. மகேஸ்வரன்தான் அவருடைய தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் போர்ஷைக் கரண்டி கரண்டியாகப் பருக்கினான். "விழுங்கடா கோதாரி விழுவானே. இஞ்சை சாகாத, கனடாவுக்குப் போய்ச் சாவம்" என்று திட்டித் திட்டிப் பருக்கினான்.

கனடாவுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தபிறகு எல்லோருக்கும் நடக்கிறதுதான் இவர்களுக்கும் நடந்தது. அமிர்தநாதர் ஊரில் விட்டுவந்த மனைவி யூஜினியையும் குழந்தை ஷரோனையும் கூப்பிட்டார், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் குடியிருந்தார், பெட்டி அடிக்கிற தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருஷம் நின்றார். மகேஸ்வரன் டாக்சி ஓடினான். கலியாணம் கட்டவில்லை. கேட்டால் ஏதாவது பகிடி விட்டு மழுப்புவான். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் மட்டும் கண்டு, "ஒருநாள் வாடா", "வாறன் மச்சான்" என்று சொல்லிக்கொண்டார்கள். யூஜினியின் செத்த வீட்டுக்கு வந்தபோதும் அதையே சொன்னான். போன ஒக்ரோபரில் மகேஸ்வரனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ரெக்ஸ்டேலில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கட்டில் கிடைத்தது, அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்.

டிசம்பரில் அமிர்தநாதர் பார்க்கப் போனபோது ஆள் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். சாப்பாட்டைத் தொடுகிறானில்லை என்று சொன்னார்கள்.

"என்னடா வேணும், சொல்லு. எது வேணுமெண்டாலும் கொண்டு வாறன்."

மகேஸ்வரன் கோணிய வாயால் சொல்லைத் தேடித் தேடிச் சொன்னான். "போர்ஷ். கீவில... குடிச்சமே. அது."

அடுத்த சனிக்கிழமையே புளோர் தெருவில் ஒரு பழைய உக்ரேன் கடையைக் கண்டுபிடித்துக் கொண்டுபோனார். மாட்டிறைச்சி போட்ட, தடித்த போர்ஷ். மகேஸ்வரன் இடது கையால் கரண்டியைப் பிடித்து அரைவாசி குடித்துவிட்டுத் தலையை ஆட்டினான். "இது இல்லை."

அன்றைக்குத் தொடங்கிய அலைச்சல். ரொன்செஸ்வேல்ஸில் போலந்துக்காரர் கடை. அங்கே கோப்பையின் அடி தெரிகிற தெளிந்த சிவப்புத் தண்ணீர், உள்ளே காது மாதிரி இரண்டு கொழுக்கட்டை. "இது இல்லை." பாதர்ஸ்ற் தெருவின் வடக்கே ரஷ்யக்காரர் கடை. அங்கே கிறீமைக் கலக்கி, குளிரக் குளிர, பிங்க் நிறத்தில் தந்தார்கள். அதைப் பிளாஸ்க்கில் ஊற்றவே அமிர்தநாதருக்கு மனம் வரவில்லை, இருந்தாலும் கொண்டுபோனார். "இது இல்லை." டவுண்ரவுணில் ஒரு பெரிய இடம். இவ்வளவு பெரிய பீங்கானில் நாலு கரண்டி சூப், மேலே ஓர் இலை. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். "இது இல்லை." புளிப்புக் கூடியது, இனிப்புக் கூடியது, அவரைக்கொட்டை போட்டது, காளான் போட்டது. ஒவ்வொரு தடவையும் மகேஸ்வரன் கோப்பையை முடிப்பான், அல்லது முடிக்கப் பார்ப்பான். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அதே இரண்டு சொல்லைச் சொல்வான்.

ஓர் உண்மையையும் சொல்லிவிடவேண்டும். இந்த அலைச்சல் அமிர்தநாதருக்கு ஒரு கரைச்சலாக இருக்கவில்லை. யூஜினி போய் மூன்று வருஷம். ஞாயிறு பூசைக்குப் போனால் நாலு பேர் கைகுலுக்குவார்கள். அதற்குப் பிறகு அடுத்த ஞாயிறு வரை லிஃப்ரில் "மோர்ணிங்" சொல்கிற முகங்கள்தான். இப்போது திங்கட்கிழமை தொடங்கியே ரெலிபோனில் அடுத்த கடையைத் தேடுவார். எந்த ஸ்ரேசனில் இறங்குவது, எந்த பஸ் என்று கலண்டரில் எழுதுவார். வெள்ளிக்கிழமை பிளாஸ்க்கைச் சுடுதண்ணீரில் கழுவிக் கவிழ்த்துவைப்பார். அந்தச் சனிக்கிழமை ஒன்று இல்லாவிட்டால் அவருடைய கிழமைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை.

மாசியில் ஷரோன் விட்பியில் புது வீடு வாங்கினாள். பேஸ்மன்ற் முழுக்க அப்பாவுக்கு என்றாள். தனி பாத்ரூம், வெளிச்சம் நல்லாய் வருகிற யன்னல், மேலே பேரப்பிள்ளைகள். இதைவிட என்ன வேண்டும்? ஒன்றே ஒன்றுதான் இடைஞ்சல். விட்பியிலிருந்து ரெக்ஸ்டேலுக்கு ரெயினும் சப்வேயும் பஸ்ஸுமாகப் போக மூன்று மணித்தியாலம், வர மூன்று மணித்தியாலம். இவருக்குக் கார் ஓடவும் தெரியாது.

அந்தக் கிழமையே மகேஸ்வரனிடம் சொன்னார். "மகள் கூப்பிடுறாள் மச்சான். ஆனா நீ யோசிக்காத. உனக்கு அந்தப் போர்ஷைக் கண்டுபிடிச்சுத் தந்திட்டுத்தான் போவன். மாதா மேல சத்தியம்." மகேஸ்வரன் ரீவியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான். பெரிய ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு அமிர்தநாதர் பஸ் ஏறினார்.

வைகாசி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஷரோன் ரெலிபோன் எடுத்தாள்.

"அப்பா, சீரியஸ்லி, ஒரு சூப்புக்காக இன்னும் எத்தினை மாசம் வெயிட் பண்ணப் போறியள்? உங்கட அப்பார்ட்மன்ருக்கு நோட்டிஸ் குடுக்க வேணும். நாளைக்காவது கிடைக்குமோ?"

"கிடைக்கும் பிள்ளை. நாளைக்குப் போற இடம் புதுசு. கீவில இருந்து வந்த சனமாம்."

"கிடைச்சா உடன எனக்கு அடியுங்கோ."

கடை எற்றோபிக்கோவில், கிப்ளிங் ஸ்ரேசனிலிருந்து பத்து நிமிஷ பஸ் தூரத்தில், ஓர் உடுப்புக் கழுவுகிற கடைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆறே ஆறு மேசை. சமைக்கிறவளும் பரிமாறுகிறவளும் ஒரே பெண்தான், நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். பெயர் ஹலினா என்று சட்டையில் குத்தியிருந்தாள். "எத்தனை பேர்?" என்றாள். ஒரு விரலைக் காட்டினார்.

போர்ஷ் வந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்தார். பூண்டு அதேதான், புளிப்பு அதேதான், கிழங்கு கரைந்து கிடக்கிற பதமும் அதேதான். ஒக்சானாவின் பானை இதுதான், சத்தியமாக இதுதான். ஆனாலும் எங்கேயோ ஒன்று குறைந்தது. இரண்டாம் கரண்டி, மூன்றாம் கரண்டி. முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறவரைப் பார்த்து ஹலினா கிட்ட வந்தாள். சரியில்லையா என்று கேட்டாள்.

அவளுக்கும் இங்கிலிஸ் மட்டுமட்டு, இவருக்கும் மட்டுமட்டு. அதனால் பேச்சு நன்றாகவே ஓடியது. தான் ஏழு மாதம் கீவில் இருந்தவன் என்றார். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எந்தத் தெரு? எந்த இடம்? ஆற்றுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அமிர்தநாதர் விழித்தார். ஏழு மாதம் இருந்த ஊரில் அவருக்கு ஒரு தெருவின் பெயரும் தெரியாது. "யன்னல்" என்றார். "ஐந்தாம் மாடி யன்னல். ஒரு மரம். கீழே ட்ராம் போகும்." ஹலினா எதிர்க் கதிரையை இழுத்து இருந்தாள். இருபத்திரண்டு கடையில் அவருக்கு எதிரே ஓர் ஆள் இருந்தது அதுதான் முதல் தடவை.

அங்கே குடித்த போர்ஷ் எப்படி இருந்தது என்று கேட்டாள்.

இதே மாதிரித்தான் என்றார். "ஆனால், சுடும். நாக்குச் சுடும். மூக்கு ஓடும்."

"சூடு?"

"சூடு இல்லை. உறைப்பு." கன்னத்தை உப்பி, வாயால் ஊதிக் காட்டினார்.

ஹலினா விழுந்து விழுந்து சிரித்தாள். போர்ஷில் உறைப்பா? எங்கள் வீட்டில் இல்லை, அடுத்த வீட்டில் இல்லை, கீவிலேயே இல்லை. யாரோ உங்கள் கோப்பையில் எதையோ போட்டிருக்கிறார்கள் என்றாள்.

அமிர்தநாதரின் கை கரண்டியோடு அப்படியே நின்றது.

தூள்! ஐயோ, தூள் அல்லவா அது! மகேஸ்வரன் கோண்டாவிலில் இருந்து கொண்டுவந்த, தாய் வறுத்து இடித்துக் கொடுத்த யாழ்ப்பாணத்துக் கறித்தூள். ஒரு சின்னத் தகர ரின். எட்டுப் பேரும் கண்டால் ஒரு கிழமையில் முடித்துவிடுவார்கள் என்று அதைச் சப்பாத்துக்குள் வைத்து, மேலே சொக்ஸைத் திணித்து ஒளித்துவைத்திருந்தான். சாப்பிடுகிற நேரம் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் கோப்பையிலும் அமிர்தநாதருடைய கோப்பையிலும் ஒவ்வொரு சிட்டிகை போடுவான்.

இதை எப்படி மறந்தார் என்று கேட்பீர்கள். எங்கள் சனத்துக்குத் தூள் போடுவது உப்புப் போடுவது மாதிரி. போட்டதாகவே கணக்கில் வராது. உப்புப் போட்டு உண்டேன் என்று யாராவது இருபத்தெட்டு வருஷம் நினைவில் வைத்திருப்பார்களா?

பிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பஸ் ஏறினார். ரெக்ஸ்டேலில் இறங்குகிற இடத்தில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடை இருந்தது. யாழ்ப்பாணத் தூள் ஒரு போத்தல் வாங்கினார். அங்கேயே பஸ் தரிப்பில் குந்தி, பிளாஸ்க் மூடியில் கொஞ்சம் ஊற்றி, ஒரு சிட்டிகை தூளைப் போட்டு விரலாலேயே கலக்கிக் குடித்தார். குடித்ததும் கண் நிறைந்துவிட்டது. அதேதான். அந்த மெத்தை, அந்த யன்னல், "விழுங்கடா" என்ற அந்தக் குரல், எல்லாம் அதற்குள் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பஞ்சாபிப் பெண் இவரைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

மூடியைத் துடைக்கும்போதுதான் அடுத்த நினைப்பு வந்தது. நான் மறந்தேன், சரி. போட்டவன் மறப்பானா? ரின் அவனுடையது. ஒளித்தது அவன். சிட்டிகை போட்டது அவனுடைய விரல். எந்தக் கடைக்காரனும் கறித்தூள் போட்டுப் போர்ஷ் காய்ச்சமாட்டான் என்று முதல் நாளே அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இருபத்தொரு சனி, இந்தப் பனியிலும் குளிரிலும், வயசுபோன மனிசனை நாயாய் அலைய விட்டிருக்கிறான்.

அமிர்தநாதருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "அறுவான், என்னை விசரனாக்கிப் போட்டான்" என்று வாய்விட்டே சொன்னார். இன்றைக்குக் குடிக்கவைத்து, அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ளவைத்து, நாளைக்கே நோட்டிஸ் கொடுத்துவிட்டு விட்பிக்குப் போகிறேன் பார் என்று கறுவிக்கொண்டு இல்லத்துக்குள் நுழைந்தார்.

வாசலில் நுஸ்லா நின்றாள். அங்கே பராமரிப்பு வேலை செய்கிற மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. வழமையாகக் கையைக் காட்டிவிட்டுப் போகிறவள், அன்றைக்கு மறித்தாள்.

"அங்கிள், கொஞ்சம் கெதியா வந்தா என்ன? உங்கட கூட்டாளி ஏழு மணியிலயிருந்து ஒரே கரைச்சல். ஷேவ் எடுத்து விடு, சேர்ட் மாத்தி விடு எண்டு. மற்ற நாளில முகம் கழுவவும் விடமாட்டார்."

"சனிக்கிழமை மட்டுமோ?"

"சனிக்கிழமை மட்டும்தான். அண்டைக்கு ஸ்னோ கொட்டி நீங்க வரேல்லையே, பொழுதுபடும் வரைக்கும் கதவைப் பாத்தபடி கதிரையிலயே இருந்தார். கட்டிலுக்கு வரமாட்டனெண்டு ஒரே பிடி. வேற ஒருத்தரும் அவரைப் பாக்க வாறேல்லை அங்கிள், அதான்."

அமிர்தநாதர் லிஃப்ரில் ஏறும்போது கோபத்தைத் தேடிப் பார்த்தார். இருந்தது. ஆனால் நாளைக்கு விட்பிக்குப் போகிறேன் பார் என்று கறுவியது யாரிடம் என்றுதான் விளங்கவில்லை.

மகேஸ்வரன் நீல சேர்ட்டோடு கதிரையில் இருந்தான். மழித்த கன்னத்தில் சின்னதாய் ஒரு வெட்டு. அமிர்தநாதர் பிளாஸ்க்கைத் திறந்து கோப்பையில் ஊற்றினார். தூள் போத்தலை எடுத்து அவனுக்கு முன்னால், அவன் பார்க்கத்தக்கதாக, ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினார். போத்தலை மேசையில் வைத்தார்.

மகேஸ்வரன் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தின் ஒரு பக்கம் அசையாது, மற்றப் பக்கம் நடுங்கியது. பிறகு கரண்டியை எடுத்தான். ஒரு வாய். இன்னொரு வாய். மூக்கு நுனியில் வேர்வை அரும்பியது. மூக்கு ஓடியது, அமிர்தநாதர் துவாயால் துடைத்துவிட்டார். கடைசிக் கரண்டி வரை குடித்தான். கோப்பையை ஒரு பக்கம் சரித்து, பாண் துண்டால் வழித்து, அதையும் தின்றான். இருபத்தொரு சனிக்கிழமையில் ஒருநாளும் கோப்பையை வழித்ததில்லை.

வழித்து முடித்ததும் இடது கையால் அந்தத் தூள் போத்தலை எடுத்தான். மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தான். ஒரு சோடி சொக்ஸை எடுத்து அதற்கு மேலே போட்டு மூடினான். லாச்சியைத் தள்ளினான். அதற்குப் பிறகுதான் யன்னல் பக்கம் திரும்பினான்.

"என்ன மாதிரி?" என்று கேட்டார் அமிர்தநாதர்.

கதிரைக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த இடது கை மட்டும் வெளிறிப் போயிருந்தது.

"இது... இல்லை" என்றான் மகேஸ்வரன்.

பொய்க்காரா என்று சொல்ல அமிர்தநாதருக்கு வாய் வந்தது. அவனுடைய கன்னத்து வெட்டைப் பார்த்தார். காலையில் ஏழு மணிக்கு எழும்பி மழித்த கன்னம். கலண்டரில் வருகிற சனிக்கிழமைக்குரிய கட்டம் வெறுமையாகக் கிடப்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஓம் மச்சான்" என்றார். "எனக்கும் அப்பிடித்தான் பட்டது. கிட்ட வந்திட்டுது, ஆனா உது இல்லை."

மகேஸ்வரன் மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

"மிசிசாகாவில இன்னொரு கடை இருக்காம்."

"தூரமோ?"

"தூரம்தான். ரெண்டு பஸ் மாறவேணும்."

"அப்ப... கனநாள் எடுக்கும்."

"எடுக்கும்" என்றார் அமிர்தநாதர். பிளாஸ்க்கைக் கொண்டுபோய்க் குழாயடியில் கழுவினார். கழுவி முடிந்த பிறகும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடி நின்றார்.

பையில் கிடந்த ரெலிபோன் அடித்தது. ஷரோன். பின்னால் பேரப்பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது.

"அப்பா, என்ன, கிடைச்சுதோ?"

அமிர்தநாதர் திரும்பி மகேஸ்வரனைப் பார்த்தார். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லைப் பிள்ளை," என்றார், "இன்னும் கிடைக்கேல்லை."